சிலம்பும் சான்றும்

மதுரையின் பெருமையைப் பேசுவோர் அதன் கடைவீதிகளையும் சேர்த்தே பேசுவர். ஆனால் வாணிகத்தின் வரலாறு என்பது ஏமாற்றின் வரலாறும் ஆகும். ஏமாற்றப்பட்டோர் நீதி தேடிய வரலாறும் ஆகும். அவ்வரலாற்றைப் பொன் என்னும் ஒரு பொருளைக் கைவிளக்காகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். மணி விற்கும் வீதியைக் காட்டும் இளங்கோவடிகள் மணிகளின் அழகை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. வயிரத்தில் பார்க்க வேண்டிய குற்றங்கள் நான்கு என்பதையும் கூறுகிறார். பொற்கடை வீதியில் நால்வகைப் பொன் விற்கப்பட்டது. இன்னது இங்கே கிடைக்கும் என வாங்குவோர் மயங்காமல் அறியக் கொடிகள் பறந்தன. கூலக்கடைத் தெருவில் துலாக்கோலும் முகத்தலளவையும் கையோடு திரிந்தன. விற்பவன் அறிந்ததை வாங்குபவனும் அறிதல் வேண்டும் என்பதே அந்த அங்காடியின் அறம்.

அத்தகைய ஊரில்தான் அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன் அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்து, பழியைக் கோவலன் மீது சுமத்தினான். அரசனின் நம்பிக்கையைப் பெற்றவன் சொன்ன சொல் என்பதால் ஆராய்ச்சியின்றி ஆணை பிறந்தது. ஓர் உயிர் போயிற்று. பின்னர் கண்ணகி அவைக்கு வந்தபோது கண்ணீரோடு மட்டும் வரவில்லை; இணைச் சிலம்போடு வந்தாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் கூற, அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் கூற, அந்த வேறுபாட்டை உடைத்தும் காட்டினாள். ஏமாற்றுகிறவன் கடன் வாங்குவது பிறர் நம்பிக்கையை. அவனை வீழ்த்துவது சான்று. இவ்விரு பாடங்களும் அக்காப்பியத்தில் அடங்கிக் கிடக்கின்றன.

இதே சிந்தனை இஸ்லாமிய நகரங்களில் ஹிஸ்பா என்னும் ஆட்சித் துறையாகவே வளர்ந்தது. முஹ்தஸிப் எனப்படும் அங்காடி அதிகாரி எடையையும் அளவையும் கலப்படத்தையும் கண்காணித்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, அவ்வதிகாரிகளுக்கென எழுதிய கையேட்டில் பொற்கொல்லர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கியுள்ளார். நகை செய்யக் கொடுத்த பொன்னை, உரியவர் முன்னிலையில் நிறுத்த பிறகே உருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மீண்டும் நிறுக்க வேண்டும். கலப்புள்ள நகையை விற்றால் கலப்பின் அளவைச் சொல்லியே விற்க வேண்டும். கடைக்காரரின் இறையச்சத்தை நம்பி மட்டும் விட்டுவிடாமல், தராசையும் சாட்சியையும் நடுவில் வைத்த மதியூகத்தை நோக்குக.

நம் நாட்டில் அந்தப் பணியை இன்று ஹால்மார்க் முத்திரை செய்கிறது. 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாக அது கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், பொன்னின் தரம், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் ஆகிய மூன்றும் நகையில் இருத்தல் வேண்டும். குறித்த தரத்தினும் குறைந்திருந்தால், குறைபாட்டின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு உரியன. ஆயினும் ரசீது இல்லாதவர் இவ்வுரிமையை எதைக் கொண்டு கோருவார்?

பொன்னைக் காட்டிலும் எளிதில் மாசு மறைக்கக்கூடியது ஒன்றுண்டு; அது வாக்குறுதி. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் வங்கி முறிந்தது. ஆங்கிலேயரின் பழம்பெரும் நிறுவனம் என்ற ஒரே நம்பிக்கையில் சேமிப்பை ஒப்படைத்த ஆயிரக்கணக்கானோர் நிலைகுலைந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. மறு ஆண்டு இந்தியன் வங்கி தோன்றுவதற்கும் இவ்வீழ்ச்சியே தூண்டுகோலாயிற்று.

1990களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல அடுத்தடுத்து வீழ்ந்தன. அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குற்றவாளியைத் தண்டிப்பதோடு நில்லாமல், நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியே பணம் போட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் அது வழிசெய்தது. சிறைத்தண்டனையால் மட்டும் பறிகொடுத்தவர் வீட்டில் உலை கொதிப்பதில்லை என்பதைச் சட்டம் உணர்ந்த இடம் அது.

2023இல் இச்சட்டம் மதுரையில் பெரிதும் பேசப்பட்டது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மதுரை உட்படப் பல ஊர்களில் கடை வைத்திருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ், அவ்வாண்டு அக்டோபரில் கடைகளை அடைத்தது. தங்க முதலீட்டுத் திட்டங்களின் பேரால் 100 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டப்பட்டதாக நவம்பரில் அமலாக்கத்துறை அறிவித்தது. மதுரையைச் சேர்ந்த நியோமேக்ஸ் நில நிறுவனத்தின் மீதும் அதே ஆண்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு. படிப்பினை கொள்வது நம் பொறுப்பு.

நம் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டியது 2019இல் பெங்களூரில் நிகழ்ந்த ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் வீழ்ச்சி. வட்டி கலவாத ஹலால் முதலீடு என்ற பெயரால் அது பணம் திரட்டியது. இழந்தோரில் மிகப் பலர் முஸ்லிம்கள். வட்டிக்கு அஞ்சி வங்கியை விலக்கியவர்களின் நல்லெண்ணமே அங்கு தூண்டிலாயிற்று. இலாப நட்டத்தில் பங்கு என்பவர், மாதந்தோறும் குறையாத தொகையை உறுதி சொல்வது எவ்வாறு? நட்டமே வராத வாணிகம் உலகில் உண்டா? இவ்வொரு வினாவைக் கேட்டிருந்தாலே பலர் தப்பியிருப்பர். நம்மவர் என்பது உறவுக்குப் போதும், கணக்குக்குப் போதாது.

நகைச்சீட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பொருளுக்காகப் பெறும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு 2014ஆம் ஆண்டின் வைப்புத்தொகை விதிகள் கூறுகின்றன. நகைச்சீட்டுகள் பதினொரு மாதத்தில் முடிவதன் காரணம் இதுவே. ஆண்டுக்கணக்கில் பணத்தை விட்டுவையுங்கள் என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

இனி, ஏமாந்தபின் செய்வது யாது? வாசல்கள் இரண்டு உள. பொருளிலோ சேவையிலோ குறை கண்டவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 1986இல் பிறந்து 2019இல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே முறையிடலாம்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கடை எவ்வூரில் இருப்பினும், தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். வைப்புத்தொகையைப் பறிகொடுத்தவரோ பொருளாதாரக் குற்றப்பிரிவை நாட வேண்டும். செல்பேசி வழியே பணம் களவு போனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். அங்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்துள்ளது.

இவ்வளவு வாசல்கள் திறந்திருந்தும் பலர் படியேறுவதில்லை. ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற அச்சமே காரணம். மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததை இழந்த தாய் வீட்டுக்குள் அழுகிறாள். ஏமாற்றியவன் அடுத்த தெருவில் புதுப் பலகை மாட்டுகிறான். மானக்கேடு ஏமாற்றியவனுக்கே அன்றி, ஏமாந்தவருக்கு இல்லை. ரசீதைக் காத்து வைப்போம்; கடிதம் எழுதி நகல் எடுத்து வைப்போம்; காலம் தாழ்த்தாது முறையிடுவோம். கண்ணகி வீட்டிலிருந்தே அழுதிருந்தால், கோவலன் கள்வன் என்ற பெயரே மதுரையில் நின்றிருக்கும்.