அமெரிக்காவில் பதின்வயதினருக்கான ஓட்டுநர் கல்வியின் வரலாறு

அமெரிக்காவில் ஓட்டுநர் கல்வி என்பது, உரிமம் பெறும் வயதை எட்டும் மாணவர்களுக்குக் கார் ஓட்டவும் சாலை விதிகளைக் கடைப்பிடிக்கவும் கற்றுத்தரும் பாடம் ஆகும். 1930களில் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிய இப்பாடம், 1980களில் தன் செல்வாக்கை இழந்தது. பெற்றோர் அருகில் அமர்ந்து நீண்டகாலம் பழக்கும் முறை பின்னர் அதனுடன் இணைந்தது.

தொடக்கம்

பென்சில்வேனியா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் அமோஸ் நெய்ஹார்ட், 1934இல் ஸ்டேட் காலேஜ் நகர உயர்நிலைப் பள்ளியில் இப்பாடத்தைத் தொடங்கினார். பயிற்சிக்குத் தம் சொந்தக் காரையே பயன்படுத்தினார். பின்னர் பிற பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். காலப்போக்கில் வகுப்பறையில் 30 மணி நேரம், சாலையில் 6 மணி நேரம் என்பது பொது அளவாயிற்று. பயிற்சி பெற்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகையும் வழங்கின.

டிகால்ப் ஆய்வு

இப்பாடம் விபத்தைக் குறைக்கிறதா என்பதை அறிய, ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. சுமார் 16,000 மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 70 மணி நேர விரிவான பயிற்சியும், இன்னொன்றுக்குச் சுருக்கமான பயிற்சியும் தரப்பட்டன. மூன்றாம் குழுவுக்குப் பள்ளிப் பயிற்சி இல்லை. விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில் விபத்து சற்றுக் குறைந்தது. அதன்பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

அந்த 70 மணி நேரத்தில் பெரும்பகுதி வகுப்பறையிலும், ஓட்டுவதைப் போன்ற சூழலைத் தரும் கருவிகளிலும், பயிற்சி மைதானத்திலும் கழிந்தது. உண்மையான போக்குவரத்துச் சாலையில் கிடைத்தது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் மட்டுமே. ஆய்வு முடிவுக்குப் பின் இப்பாடத்துக்கான அரசு ஆதரவு குறைந்தது; பல பள்ளிகள் அதைக் கைவிட்டன.

படிநிலை உரிமம்

பழகுநர் பெரியவருடன் ஓட்டும்போது விபத்து அரிது. தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. ஆகவே உரிமத்தை ஒரே நாளில் முழுமையாகத் தராமல், படிப்படியாகத் தரவேண்டும் என்று 1970களில் பட்ரிசியா வாலர் போன்ற ஆய்வாளர்கள் வலியுறுத்தினர். நியூசிலாந்து 1987இல் இம்முறையை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் புளோரிடா 1996இல் ஏற்றது.

மிச்சிகன் 1997இல் ஏற்ற சட்டம், பெற்றோர் அல்லது பெரியவர் ஒருவர் உடனிருக்க 50 மணி நேரம் ஓட்டிப் பழகவேண்டும் என்றது; அதில் 10 மணி நேரம் இரவில். அடுத்த நிலையில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டத் தடை இருந்தது. சில ஆண்டுகளில் அங்கு 16 வயதினரின் விபத்து விகிதம் சுமார் 25 விழுக்காடு குறைந்தது. இதில் பயிற்சி நேரத்தின் பங்கு எவ்வளவு, இரவுத் தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

இன்றைய நிலை

இன்று எல்லா மாநிலங்களிலும் படிநிலை உரிமம் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. விதிகளைக் கற்பிக்க வகுப்பறை தொடர்கிறது; சாலையில் பழக்கும் பொறுப்பில் பெரும்பங்கு வீட்டுப் பெரியவர்களிடம் வந்து சேர்ந்துள்ளது.