கேட்காத காதும் தூக்கிய கையும்

நடுவர் அவர்களே! மனிதனை உயர்த்துவது சூழ்நிலைதான் என்று எதிரணித் தங்கை அழகாகப் பேசினாங்க. "காது கேட்காத பிள்ளை கூட்டத்தோட சேர்ந்து என்னங்க விளையாட முடியும்?"னு கேட்டுக் கைதட்டலும் வாங்கினாங்க. அம்மா, விளையாடின ஒருத்தரை நான் காட்டுறேன்.

அமெரிக்காவிலே ஒஹையோ மாநிலம். 1862-இல் பிறந்தவர் வில்லியம் ஹாய். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிடுச்சு. கொலம்பஸ் நகரில் காது கேளாதோர் பள்ளியில் படித்து முதல் மாணவராகத் தேறினார். ஊருக்கு வந்து செருப்புத் தைக்கிற கடை வைத்தார். ஓய்வு நேரத்திலே பேஸ்பால்.

1886-இல் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல். பந்து 'ஸ்டிரைக்'கா 'பால்'லான்னு அம்பயர் வாயாலே சொல்லுவார். இவர் திரும்பிப் பார்த்துக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள அடுத்த பந்து வந்துடும்! ஜனங்க சிரிச்சாங்க. 'டம்மி'ன்னே பேர் வச்சாங்க. ஊமைன்னு அர்த்தம்.

மனுஷன் மூலையிலே உட்கார்ந்து அழலைங்க. பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஸ்டிரைக் என்றால் வலது கை, பால் என்றால் இடது கை தூக்குங்கள். அவ்வளவுதான்!

1888-இல் வாஷிங்டன் குழு. அந்த வருஷமே 82 தளம் திருடி லீகில் முதலிடம். திருட்டுன்னதும் பயப்படாதீங்க, எதிரணி அசந்த நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடிக்கிறது. இங்கேயும் எதிரணி அசந்துதான் இருக்கு! (சிரிப்பு) 1889-இல் ஒரே ஆட்டத்தில், எல்லைப்புறத்திலிருந்து பந்தை எறிந்து, மூன்று பேரை ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கினார். பக்கத்து ஆள் கூப்பிட்டால் இவருக்குக் கேட்காது. அதனால், 'பந்து என்னுது'ன்னு இவரே தொண்டையிலே கீச்சுன்னு ஒரு சத்தம் கொடுப்பார். மற்றவங்க விலகிக்குவாங்க. 1902 வரை ஆடி, 2000-க்கு மேல் 'ஹிட்' அடித்தார்.

அம்பயர்கள் கையைத் தூக்கும் வழக்கமே இவரால்தான் வந்தது என்பார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமும் இல்லை. இருக்கிற உண்மையே போதும்.

1961 அக்டோபர். சின்சினாட்டியில் உலகத் தொடர் ஆட்டம். முதல் பந்தை எறிந்து தொடங்கி வைத்தவர், 99 வயது ஹாய்! அந்த டிசம்பரில் காலமானார்.

நடுவர் அவர்களே, சூழ்நிலை அவருக்குத் தந்தது கேட்காத காது. ஆனால் ஒரு கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டது அவருடைய முயற்சி. நம்ம வீட்டிலும் தெருவிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால், பரிதாபப்பட வேண்டாம். என்ன வேணும்னு கேட்டு, அந்தக் கையைத் தூக்குங்க. மிச்சத்தை அந்தப் பிள்ளை பார்த்துக்கும்! (கைதட்டல்)