புழக்கடை ஆடும் பக்கத்து வீட்டுச் சுவரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

சில மாதங்களாக ஒரே கேள்வி பல வாயிலிருந்து வருகிறது. "சார், பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கப் போகிறார்களாம். நம் சுவரை ஒட்டித்தான் கொட்டகையாம். தடுக்கச் சட்டம் இருக்கா?" மரக்காணத்தில் புதிதாக வீடு கட்டிய பழைய மாணவர் கேட்டார். திண்டிவனத்தில் மனை வாங்கிய உறவினர் கேட்டார். ஆடு வளர்க்க ஆசைப்படுகிற இன்னொரு மாணவியோ, "பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே முறைக்கிறார், என்ன செய்யட்டும்?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்.

சட்டம் இருக்கிறது. அதைவிடப் பழைய வரலாறும் இருக்கிறது. வரலாற்றைத் தெரிந்துகொண்டால் சட்டத்தை எப்போது கையில் எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கும்.

பட்டினப்பாலையை நினைத்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிற நூல் அது. அந்தப் பெரிய துறைமுக நகரத்தின் புறச்சேரியில் குட்டிகளோடு பன்றிகள் திரிகின்றன. கோழிகள் மேய்கின்றன. ஆட்டுக்கிடாய் விளையாடுகிறது. பக்கத்திலேயே உறைக்கிணறு. அதே நூலில் இன்னொரு காட்சியும் வரும். வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி தின்ன வருகிறது. காவலிருந்த பெண் காதில் இருந்த குழையைக் கழற்றி எறிகிறாள். வகுப்பில் இதைச் சொல்லும்போது செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக்கொடுப்போம். எனக்கு எப்போதும் வேறொரு கேள்வி வரும். அந்தக் கோழி யார் வீட்டுக் கோழி? புலவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கோழியாக இருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் சண்டை நிச்சயம்!

ஆக, ஊரும் கால்நடையும் சேர்ந்தே வளர்ந்தவை. நம் ஊரும் அப்படித்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நம் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

சோழர் காலத்தில் ஆடு என்பது வெறும் இறைச்சியோ பாலோ அல்ல. அது ஒரு வைப்புநிதி. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்றால் ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்குக் கணக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்லும். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது வளர்ப்பவர் பொறுப்பு. ஆடு ஒருவரிடம் இருக்கிறது என்றால் அதோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழனிக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் இருந்த உறவைப் பாருங்கள். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆட்டுக்கிடை போடச் சொல்லி, நிலக்காரர்தான் ஆட்டுக்காரரைத் தேடிப் போய்க் கூப்பிடுவார். அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ கொடுப்பார். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அடுத்தவர் ஆடு என் நிலத்தில் படுக்க நான் காசு கொடுக்கிறேன்! இன்றைக்கு இது நம்ப முடியாத செய்தி மாதிரி இருக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. விளைந்த பயிரில் ஆடு, மாடு புகுந்தால் உறவு முறிந்தது. 'ஆடு பகை, குட்டி உறவா' என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து தண்டம் போடுவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் அது எழுதப்பட்ட சட்டமானது. 1857-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1871-இல் வந்ததுதான் கால்நடை அத்துமீறல் சட்டம். 'பவுண்டு' என்றும் 'பட்டி' என்றும் நம் தாத்தாக்கள் சொன்னது இதன் கீழ் வந்த மாட்டுப்பட்டியைத்தான்.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். உங்கள் நிலத்தில் அடுத்தவர் மாடு புகுந்து சேதம் செய்தால் நீங்களே பிடிக்கலாம். பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டில் கட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. உரிமையாளர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொள்வார். ஏழு நாள் வரை யாரும் வரவில்லை என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், அறிவிப்பு வரும். அதற்குப் பிறகும் ஏழு நாளில் ஆள் வரவில்லை என்றால் ஏலம்.

அபராதப் பட்டியல் சுவையானது. யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரைக்கும் மாட்டுக்கும் 4 அணா. கன்றுக்குட்டி, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. பிடித்துக்கொண்டு போகிறவரை வழிமறித்துப் பலவந்தமாக மாட்டை மீட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அணாக் கணக்குக்கும் இந்தத் தண்டனைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எத்தனை கைகலப்பு நடந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்!

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அபராதத் தொகை பயிரை இழந்தவர் கைக்கு வரவில்லை. செலவு போக மீதி சாலை, பாலம் போன்ற பொதுக் காரியங்களுக்குப் போனது. இழப்பீடு வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட வேண்டும். ஆட்டுக்காரருக்குக் காசு நஷ்டம், நிலக்காரருக்குப் பயிர் நஷ்டம், இருவருக்கும் நடுவில் பேச்சும் நஷ்டம். சட்டம் சரியாக நடந்தது. அண்டை வீட்டு உறவு மட்டும் போய்விட்டது.

இதெல்லாம் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு. அவிழ்த்துவிடாமல் கொட்டகையிலேயே கிடக்கும் ஆட்டின் நாற்றத்துக்கு என்ன வழி? இதற்கு வழிகாட்டிய பழைய வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. ஆண்டு 1610. நம் பக்கத்தில் செஞ்சி நாயக்கர் ஆட்சி நடந்த காலம். நார்ஃபோக் என்ற பகுதியில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டை ஒட்டி, தாமஸ் பென்டன் என்ற அண்டை வீட்டுக்காரர் பன்றிக்கொட்டில் கட்டிவிட்டார். நாற்றம் தாங்கவில்லை என்று ஆல்ட்ரெட் நீதிமன்றம் போனார். எதிர்த்தரப்பு சொன்ன பதில் என்ன தெரியுமா? பன்றி வளர்ப்பது மனிதர் சாப்பாட்டுக்கு வேண்டிய தொழில். பன்றி வாசம் தாங்காத அளவுக்கு ஒருவர் மூக்கு நாசூக்காக இருக்கக் கூடாது! இன்றைக்கும் நம் தெருவில் கேட்கிற பதில்தானே?

தீர்ப்பு ஆல்ட்ரெட் பக்கம் வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்ல காற்றும் வெளிச்சமும் குடியிருப்பவரின் உரிமை. அவை கெட்டால் வழக்குப் போடலாம். ஆனால் கண்ணுக்கு அழகான காட்சி மறைந்துவிட்டது என்பதற்காக வழக்குப் போட முடியாது. அதாவது, உண்மையான கேடு வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு. நானூறு ஆண்டு கழிந்தும் இந்த வேறுபாடு செல்லும்.

நம் மாகாணத்தில் 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. உடல்நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ அமையும் இடத்தில், அப்படிப்பட்ட முறையில் விலங்கை வைத்திருப்பது 'தொல்லை' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. விலங்கு வைத்திருப்பதே தொல்லை என்று சொல்லவில்லை. இடமும் முறையும்தான் கேள்வி. சுகாதார அதிகாரி பார்த்து, சரிசெய்யச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கலாம். பிறகு 1997-இல் நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகளை வளர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன்படி உரிமம் வேண்டும். அவிழ்த்துவிட்ட மாடு என்ன செய்யும் என்பதை 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டியபோது எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கட்டுப்பாடு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் நேற்று வரை காசு கொடுத்துக் கிடை போட்ட நாம், இன்றைக்கு ஏன் ஆட்டுக் குரல் கேட்டாலே சட்டம் தேடுகிறோம்? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது.

முதலாவது, உரமூட்டை வந்த பிறகு புழுக்கைக்குத் தேவை குறைந்துவிட்டது. செல்வமாக இருந்தது குப்பையானது. இரண்டாவது, மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் சுருங்கிவிட்டன. சென்னையில் இருக்கும் மாணவர்கள் மந்தைவெளியில் பேருந்து ஏறுகிறீர்கள். அந்தப் பெயர் மாட்டு மந்தையிலிருந்து வந்தது என்று எத்தனை பேர் நினைத்தீர்கள்? வெளியில் மேய இடம் இல்லாதபோது ஆடு வீட்டுப் பின்னால்தான் நிற்கும். மூன்றாவது, வேலி போய் மதில் வந்தது. வேலிக்கு இருபுறமும் நின்று பேசலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியாது, நாற்றம் மட்டும் வரும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மரக்காணத்தில் புழக்கடை ஆட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. உப்பளத்தில் வேலை வெயில் இருக்கும் வரைதான். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி எல்லாம் வெள்ளம். தை பிறந்து பாத்தியைச் சீர்செய்யும் வரை கூலி இல்லை. அந்த மாதங்களில் ஒரு குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? தீபாவளிக்கு ஆட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். உப்பளம் நிற்பதும் அதே சமயம்தான். ஒரு கிடா விற்ற காசு இரண்டு மாத அரிசி. என் வகுப்பில் படித்த பல பிள்ளைகளின் நோட்டும் சீருடையும் அப்படி வந்தவைதான். படித்தவர்களுக்கே அது தெரியும்.

அரசுக்கும் இது தெரியும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடுகள் வீதம், ஐந்தாண்டில் 7 லட்சம் குடும்பங்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். 1871-இல் ஆட்டுக்கு ஓர் அணா தண்டம் எழுதிய அதே அரசாங்க இயந்திரம், 140 ஆண்டு கழித்து ஆட்டைக் கையில் கொடுத்தது. நிலமில்லாதவர் அதை எங்கே கட்டுவார்? வீட்டுப் பின்னால்தான்.

அதே நேரம், குறை சொல்கிறவர் பக்கத்தையும் நம் மண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நம்முடையது கடலோர மணல். நல்ல தண்ணீர் ஆழத்தில் இல்லை, மேலாகவே நிற்கிறது. அதற்குக் கீழே உப்புத்தண்ணீர். மணலில் ஊற்றியது எதுவும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கிணற்றுக்குப் பக்கத்தில் ஆட்டு மூத்திரம் தேங்கினால் அந்த வீட்டுக்காரர் கவலைப்படுவது நாசூக்கு மூக்கால் அல்ல. நியாயமான பயம் அது. வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பெரியவர் இருந்தால் இன்னும் நியாயம்.

ஆகவே, இத்தனை நூற்றாண்டு வரலாறு எனக்குச் சொல்வது ஒன்றுதான். பக்கத்து வீட்டில் ஆடு இருக்கலாமா, கூடாதா என்பது கேள்வியே அல்ல. அந்த ஆட்டால் வரும் கஷ்டத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. சோழர் காலத்து இடையர் ஆட்டோடு கடமையையும் சேர்த்து வாங்கினார். லாபம் என் வீட்டுக்கு, ஈ உன் வீட்டுக்கு என்றால் அது அநியாயம். எனக்கு மூக்கு சுளிக்கிறது, அதனால் நீ மழைக்காலத்தில் பட்டினி கிட என்றால் அதைவிடப் பெரிய அநியாயம்.

ஆடு வளர்க்கப் போகிறவர்களுக்கு: கொட்டகையைப் பொதுச்சுவரில் ஒட்டாதீர்கள், இரு வீட்டுக் கிணற்றிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி இடம் வேண்டும். இடத்துக்குத் தக்க எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். பரண் அமைத்தால் புழுக்கை கீழே விழும், தினமும் கூட்டி அள்ளலாம்; மழைக்காலத்தில் ஆட்டுக்கும் நல்லது. கிடா நாற்றம்தான் அதிகம். இரண்டு மூன்று ஆட்டுக்காகத் தனிக் கிடா வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பு நடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். கொட்டகை போட்ட பிறகு சொல்வது தகவல். போடுவதற்கு முன்பு சொல்வதுதான் மரியாதை.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு: உங்கள் குறை என்ன என்று முதலில் உங்களையே கேளுங்கள். தண்ணீரா, ஈயா, இரவில் சத்தமா? அதைச் சொன்னால் தீர்வு உண்டு. "இங்கே இதெல்லாம் கூடாது" என்று ஆரம்பித்தால் தீர்வு இல்லை. ஆடு வளர்ப்பதாலேயே ஒரு குடும்பத்தைத் தாழ்வாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைச் சுகாதாரம் என்ற பெயரில் மறைக்கக் கூடாது. பேசியும் நடக்கவில்லை, தண்ணீரும் காற்றும் கெடுகிறது என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், சுகாதார ஆய்வாளரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். உரிமம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஆட்டை அகற்று என்று எழுதாதீர்கள். கொட்டகையைத் தள்ளி வை, கழிவை அகற்று என்று எழுதுங்கள். சட்டம் கேட்பதும் அதைத்தான்.

புழுக்கையை மூட்டையில் கட்டி, தோட்டம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்கே கொடுத்துப் பாருங்கள். மாடித்தோட்டக்காரர்கள் இன்றைக்கு அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கிடை போட்ட காலத்து உறவு ஒரு முழம் அளவுக்காவது திரும்பி வரும்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வழக்கு எப்படித் தீர்ந்தது என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், தீர்ந்த விதம் மட்டும் போதும். மற்றவர்களுக்கு உதவும்.