வில்பத்துப் பூங்காவும் பொன்பரப்பிக் கரையும்

புத்தளத்திலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர் கலா ஓயாவைக் கடந்ததும் அடர்ந்த கானகத்தை அடைவர். அதுவே வில்பத்துத் தேசியப் பூங்காவாகும். அங்குச் செல்வோரிற் பெரும்பாலோர் சிறுத்தையையும் கரடியையும் தேடுவரேயன்றி, மனிதர் வாழ்ந்த தடயத்தைத் தேடுவதில்லை. பூங்காவைத் திட்டமிட்டோர் நோக்கும் இத்தகையதாகவே இருந்ததெனலாம்.

முதலிற் பெயரை நோக்குவோம். 'வில்' என்பது ஈழத்தமிழில் நீர்நிலையைக் குறிக்கும். கொக்குவில், ஒலுவில் முதலான ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. 'பத்து' என்பதை எண்ணுப்பெயராகக் கொண்டு பத்து வில்லுகள் எனப் பொருளுரைப்பாரும் உளர். ஆயின் அங்குள்ள வில்லுகள் பத்தில் அடங்குவனவல்ல. மண்முனைப்பற்று என்பதிற்போல நிருவாகப் பிரிவைச் சுட்டும் 'பற்று' என்பதன் திரிபே இதுவென்பது எமது கருத்து. அங்ஙனமாயின், மக்கள் குடியிருந்து வரியிறுத்த ஒரு நிலத்தின் நினைவையே கானகத்தின் பெயர் தாங்கி நிற்கின்றது.

பூங்காவின் தோற்றம் வேட்டையோடு தொடர்புடையது. 1894இல் தோன்றிய இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் வேட்டையில் ஈடுபாடுடைய ஐரோப்பியரே முன்னின்றனர். விலங்குகள் அருகிவருவதைக் கண்டு அவற்றைக் காக்குமாறு அரசை வற்புறுத்தியோரும் அவர்களே. இதில் முரண் இருப்பினும், அன்னார் முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1905இல் வில்பத்துச் சரணாலயமாயிற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒதுக்கிய நிலங்களை வகைப்படுத்தியது. ஆய்வின் பொருட்டன்றி எவரும் புகலாகாத நிலம் ஒரு வகை. பொதுமக்கள் அனுமதி பெற்றுக் கண்டு களிக்கும் தேசியப் பூங்கா மற்றொரு வகை. உரிமம் பெற்று வேட்டையாடத்தக்க இடைவலயம் பிறிதொரு வகை. 1938இல் வில்பத்துத் தேசியப் பூங்காவாயிற்று. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. அறுபதுகளின் பிற்பகுதியிலும் 1973இலும் புதிய பகுதிகள் சேர்க்கப்பட, பூங்கா ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாயிற்று.

விலங்கியலாரும் வேட்டையாளரும் நிருவாகிகளும் வகுத்த இத்திட்டத்திற் கரையோரத்து மீனவரும் யாத்திரிகரும் அனுமதி வேண்டி நிற்போராகவே இடம்பெற்றனர். அக்காட்டிற்கு நெடிய மனித வரலாறு உண்டென்பதைப் பொன்பரப்பி மெய்ப்பித்தது. 1956இல் தொல்பொருளியல் திணைக்களத்தினரும், 1970இல் விமலா பெக்லி தலைமையில் வந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினரும் அங்கு அகழ்வாய்வு நடாத்தினர். இறந்தோர் எலும்புகளையிட்டுப் புதைத்த பெருந் தாழிகளும், கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. ஒரே தாழியிற் பலருடைய எலும்புகளும் காணப்பட்டன. திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை கொண்டுள்ள ஒற்றுமையை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இவ்வொற்றுமையைக் கொண்டு இனத்தையும் மொழியையும் உடனே முடிவுசெய்ய விழைதல் அவசரமாகும். ஆயின் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே இங்கு நிலையான குடியிருப்பு இருந்ததென்பதில் ஐயமில்லை. மனிதர் கைபடாத ஆதிவனம் என்று நாம் போற்றுவதன் ஒரு பகுதி, கைவிடப்பட்ட ஊரின்மேல் வளர்ந்த காடேயாம்.

பொன்பரப்பிக்கு வடக்கே கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையும் இன்று பூங்காவின் எல்லைக்குள் அடங்கும். பிளினி கூறும் ஹிப்புரோஸ் துறைமுகம் இதுவே என்பர் சிலர். கிரேக்கத்திற் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு அப்பெயர் ஒலியால் ஒத்திருத்தலன்றி வேறு வலுவான சான்று இதற்கில்லை. பூக்குளத்து மீனவரும், பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயிலுக்கு ஆண்டுதோறும் காட்டினூடு செல்லும் கத்தோலிக்க மக்களும் அக்கரையின் பழைய தொடர்பை அறுபடாது பேணி வந்துள்ளனர்.

போர்க்காலத்திற் பூங்கா நெடுநாள் மூடப்பட்டது. 1985 மே மாதத்தில் அங்குப் பலர் கொல்லப்பட்டனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராகப் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2010இற் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, எழுவன்குளத்தினூடாக மன்னாருக்குச் செல்லும் பழைய வீதியும் பொதுப் போக்குவரத்துக்கு விடப்பட்டது. ஊர் திரும்ப விழைந்தோர்க்கு அதுவே குறுக்குவழி. காட்டை ஊடறுக்கும் வீதியால் விலங்குகளுக்குக் கேடு விளையுமென்று சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தை நாடினர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. 1938இற் பூங்காவின் எல்லை வகுக்கப்பட்டபோது மன்னார் செல்வோரின் வழியையும் உடன்வைத்து எண்ணியிருப்பின், அவ்வழக்கு நீதிமன்றப் படியேறியிராது.