குளிக்கத் தகுந்த துறைமுகம்

கோடையில் கோபன்ஹேகனுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது, சுற்றுலாப் படகுக்குப் பணத்தைக் கொட்டாதே என்பதுதான். நகரப் பேருந்து டிக்கெட்டே செல்லுபடியாகிற மஞ்சள் படகு ஒன்று துறைமுகத்தின் நீளத்துக்கும் ஓடுகிறது. 991, 992 என்று எண் போட்டிருக்கும். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, அதுவும் நல்லதுதான். 2020 முதல் இந்தப் படகுகள் பேட்டரியில் ஓடுகின்றன. டீசல் புகையிலேயே ஆயுளைக் கழித்த எனக்கு, சத்தமே இல்லாமல் ஒரு படகு துறையை விட்டு விலகுவது இன்னும் நம்ப முடியாத காரியமாகவே இருக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன், கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அரண்மனை வாசலில் வரிசையில் நிற்பதைவிட, துறைமுகத்தில் ஒரு பகல் நிற்பது மேல் என்பது என் கட்சி. கோபன்ஹேகனுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இன்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிற கோடைக் கொண்டாட்டத்தில் பாதி, அந்தத் துறைமுகத்தில் வேலை செத்த பிறகு பிறந்தது.

மஞ்சள் படகு பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தின் பக்கமாகப் போகும். நான்காம் கிறிஸ்டியன் என்ற அரசன் 1619-இல் கட்டத் தொடங்கியது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகிற கோபுரம் அதற்கு இருந்தது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி, பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே தீப்பிடித்து அந்தக் கோபுரம் சரிந்துவிட்டது. நீங்கள் போகும்போது அங்கே சாரம் கட்டியிருந்தால் காரணம் இதுதான்.

எதிர்க்கரையில் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதியும் அதே அரசன் உண்டாக்கியது. ஆம்ஸ்டர்டாமைப் பார்த்து வெட்டிய கால்வாய்கள். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1616-இல் உரிமை கொடுத்தவனும் அவன்தான். 1618 நவம்பரில் ஓவே கெடே என்ற பிரபு தலைமையில் கப்பல்கள் இங்கிருந்து கிளம்பின. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இலங்கையில் கால் ஊன்றுவதுதான் திட்டம். அது பலிக்கவில்லை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு அவர்கள் பெற்றது தரங்கம்பாடி. இந்தக் கதையின் அந்தப் பக்கம் நமக்குத் தெரியும்: கோட்டை, மதபோதகர் சீகன்பால்கு, அச்சுக்கூடம். இந்தப் பக்கத்தைப் பார்க்க ஸ்ட்ரான்ட்கேடு என்ற தெருவுக்குப் போக வேண்டும். 1732-இல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் தலைமை அலுவலகமும், 1750-இல் கட்டிய பெரிய கிடங்கும் அங்கே நிற்கின்றன. சோழமண்டலக் கரைத் துணியும் காண்டன் தேயிலையும் இறங்கிய இடம். இப்போது அது வெளியுறவு அமைச்சகத்தின் வளாகம். மறுகரையில், அரண்மனைச் சதுக்கத்தின் நடுவில் அரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்ததும் இந்தக் கம்பெனிதான். வழிகாட்டிகள் சிலையின் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள், பணம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டு பொழிந்து டேனிஷ் கடற்படையையே இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் தரங்கம்பாடியையும் பிடித்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தாலும் வியாபாரம் எழவில்லை. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டென்மார்க் கையைக் கழுவியது.

கோபன்ஹேகன் துறைமுகம் அதற்குள் வேறு தொழிலுக்கு மாறியிருந்தது. என் கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. 1843-இல் ஓர் இரும்புப் பட்டறையாகத் தொடங்கி, பின்னால் பர்மைஸ்டர் அண்ட் வைன் என்று பெயர் பெற்ற நிறுவனம் இதே கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் கரையில்தான் வளர்ந்தது. கப்பலில் வேலை பார்த்த யாரிடமும் ‘பி அண்ட் டபிள்யூ’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எத்தனையோ இரவுகளில் வெளித்துறையில் நங்கூரம் போட்டு நின்று, வியர்வையில் நனைந்தபடி பிஸ்டனைத் தூக்கி மோதிரம் மாற்றிய இன்ஜின்களின் பெயர்ப்பலகையில் அந்த எழுத்துகள்தான் இருந்தன.

ருடால்ஃப் டீசலிடமிருந்து 1898-இல் அவருடைய இன்ஜினைச் செய்யும் உரிமை வாங்கி, பதினாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, 1912-இல் அவர்கள் கடலில் விட்ட கப்பல் ‘செலாண்டியா’. பெருங்கடல் தாண்டிய முதல் பெரிய டீசல் கப்பல் என்று அதைத்தான் சொல்வார்கள். ஒவ்வொன்றும் எட்டு சிலிண்டர், 1,250 குதிரைத்திறன் என இரண்டு இன்ஜின்கள். புகைபோக்கியே கிடையாது, புகை பாய்மரத் தண்டு வழியாக வெளியேறியது. முதல் பயணம் லண்டன் வழியாக பாங்காக்குக்கு. லண்டனில் சர்ச்சில் ஏறிப் பார்த்தார், அப்போது அவர் கடற்படை அமைச்சர். கரி அள்ளிப் போடுகிறவர்களின் வேலை அன்றைக்கே போய்விட்டது. அது அவர்களுக்குத் தெரிய இன்னும் சில வருடம் ஆனது.

1943 ஜனவரியில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, அந்த இன்ஜின் தொழிற்சாலையை பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. அதிலிருந்து மீண்டார்கள். 1980-இல் இன்ஜின் பிரிவு ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போனது. கொரியாவையும் ஜப்பானையும் எதிர்த்து நிற்க முடியாமல் 1996-இல் கப்பல் கட்டும் தளம் திவாலானது. மஞ்சள் படகில் ரெஃப்ஷலேயன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் அந்தத் தளத்தின் கூடங்களைப் பார்க்கலாம். 2014-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி அங்கேதான் நடந்தது. 2018 முதல் பக்கத்தில் ஒரு தெருவுணவுச் சந்தை இயங்குகிறது. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதவரை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் சைக்கிளில் வந்து இறங்கிய வாசலில் இன்று காக்டெய்லுக்கு வரிசை நிற்பதைப் பார்த்து என்னால் முழு மனதோடு மகிழ முடியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்கு மறுபேச்சு இல்லை. 1853-இல் காலரா இந்த ஊரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்த ஊர், சாக்கடையும் குடிநீரும் பக்கத்தில் பக்கத்தில். அதற்குப் பிறகு குழாய் போட்டார்கள், சுவரை உடைத்தார்கள். இருந்தும் துறைமுகம் சாக்கடையாகவே இருந்தது. 1990-களின் நடுவில்கூட, மழை பெய்தால் கழிவுநீரைத் துறைமுகத்தில் கொட்டுகிற வழிகள் தொண்ணூறுக்கும் மேல் இருந்தன. நகராட்சி அவற்றை ஒவ்வொன்றாக அடைத்து, நிலத்தடியில் பெரிய தொட்டிகள் கட்டியது. மழைநீரும் கழிவும் கலந்து வருவதை அங்கே தேக்கி, மழை விட்ட பிறகு சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைப்பார்கள். ஆலைகளும் போயிருந்தன. 2002-இல் இஸ்லாண்ட்ஸ் பிரிகே கரையில் பொதுமக்களுக்கான குளியல் துறை திறந்தது.

மரப்பலகைத் தளம், குழந்தைகளுக்குத் தனித் தடாகம், குதிக்க மேடை. கட்டணம் இல்லை. கொடியைப் பாருங்கள்: பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. பெருமழைக்கு மறுநாள் சிவப்பு ஏற வாய்ப்பு அதிகம், தொட்டிகளும் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஜூலையிலும் தண்ணீர் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். திருச்செந்தூரில் முங்கி எழுந்த உடம்புக்கு முதல் நிமிடம் மூச்சு நிற்கும். சேலையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களையும் யாரும் விரட்டுவதில்லை.

ஜூன் கடைசியில் பத்து மணிக்குத்தான் பொழுது சாயும், காலை நாலரைக்கு விடிந்துவிடும். கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு துணி எடுத்துப் போங்கள். மாலையில் கடற்காற்றுக்கு ஸ்வெட்டர் வேண்டும். ஜூன் 23 இரவு அங்கே இருக்க முடிந்தால் விடாதீர்கள். நீர்க்கரைகளில் நெருப்பு மூட்டி, சூனியக்காரி பொம்மையை எரித்துப் பாடுவார்கள். ஜூலை நடுவில் மட்டும் எச்சரிக்கை. 1938-இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. அதையொட்டி ஜூலையில் ஆலைகள் மொத்தமாக மூடிவிட்டுப் போகிற வழக்கம் வந்தது, ஆலைகள் போன பிறகும் அது நிற்கவில்லை. சின்ன உணவகங்கள் பல அந்த வாரங்களில் பூட்டிக் கிடக்கும்.

சைக்கிள் எடுத்தால் வலப்பக்கம் ஓட்டுங்கள், நிற்கும் முன் கையை உயர்த்துங்கள். சைக்கிள் பாதையில் நின்று படம் எடுத்தால் மணியடித்தே கொன்றுவிடுவார்கள். காலி பாட்டிலைக் குப்பைக்குள் எறியாமல் தொட்டியின் பக்கத்துத் தட்டில் வையுங்கள். அதற்குத் திருப்பிக் கிடைக்கிற காசுக்காகப் பொறுக்குகிறவர்கள் வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை டீசல்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். தெற்குத் துறைமுகத்து மின்நிலையத்தில், 1932-இல் பி அண்ட் டபிள்யூ செய்த 22,500 குதிரைத்திறன் இன்ஜின் இருக்கிறது. முப்பது வருடம் உலகத்திலேயே பெரிய டீசல் இன்ஜின் அதுதான். மாதத்தில் சில ஞாயிறுகளில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள், எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்ல வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் போகிறோம்.