கல்லூரித் தரவு வெளிப்பாடு: சேலம், நாமக்கல் வட்டாரம்

ஒரு கல்லூரி தன் இடங்கள், சேர்ந்தவர்கள், ஆசிரியர்கள், கட்டணம், தேர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகிய விவரங்களை எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான படிவத்திலும் வரையறையிலும் வெளியிடுவதே கல்லூரித் தரவு வெளிப்பாடு. வரையறை என்ற சொல்தான் இதில் முக்கியம். எண்கள் எல்லாக் கல்லூரிகளிடமும் உண்டு. அவை எதை எதால் வகுத்து வந்தவை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறினால் ஒப்பீடு நடக்காது.

சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966-இல் தொடங்கியது. திருச்செங்கோட்டில் கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி 1994-இலும், சேலத்தில் சோனா தொழில்நுட்பக் கல்லூரி 1997-இலும் வந்தன. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. அதன் பின் ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் சாலைகளில் சுயநிதிக் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. விசைத்தறி, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக், கோழிப்பண்ணை ஆகிய தொழில்களில் உழைத்த குடும்பங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பின. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழோடு கவுன்சலிங்குக்கு வரும் மாணவருக்கு, எந்தக் கல்லூரி எப்படி என்று வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. வெளியிடப்படும் தரவு முதலில் அவருக்குத்தான் வேண்டும்.

பொறியியல் சேர்க்கையில் ஓரளவு ஒழுங்கு உண்டு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட் ஆஃப் கணக்கிடுவதும், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கோடு எண் தருவதும் மாநிலம் முழுக்க ஒரே முறை. 2018 முதல் கவுன்சலிங் இணையவழியில் நடக்கிறது. விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு உட்காருபவர்கள் முதலில் தேடுவது முந்தைய ஆண்டு கட் ஆஃபை. அது கல்லூரிக்கு இருக்கும் கிராக்கியைக் காட்டும். உள்ளே நடக்கும் பாடத்தைக் காட்டாது. அடுத்துத் தேடுவது இணைப்புக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பாஸ் பர்சன்டேஜ். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பல்கலைக்கழகமே சொல்வதால் இது பயனுள்ள பட்டியல். ஆனால் மேலே சொன்ன மூன்று கல்லூரிகளும் தன்னாட்சி பெற்றவை. தேர்வைத் தாமே நடத்தும் கல்லூரியின் விழுக்காட்டையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் விழுக்காட்டையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

தேசிய அளவில் மூன்று ஏற்பாடுகள் உள்ளன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி பெற்ற கல்லூரிகள் ஆசிரியர், கட்டணம், இடங்கள், ஆய்வகம் ஆகிய விவரங்களைத் தம் இணையதளத்தில் போட வேண்டும். ‘மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்’ என்ற தலைப்பில் அது இருக்கும். 2010-11-இல் தொடங்கிய அகில இந்திய உயர்கல்வி ஆய்வு கல்லூரிகளிடம் விவரம் திரட்டுகிறது. அது ஆட்சியாளர்களுக்கே அதிகம் உதவும். மூன்றாவது, 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் முதல் பட்டியல் வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை. ரேங்கைவிட, அதற்காகக் கல்லூரி சமர்ப்பிக்கும் தரவுத் தாளே மாணவருக்கு அருமையானது. சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம் எல்லாம் ஒரே அட்டவணையில் வரும்.

அந்த அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதற்குக் கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு பிரிவில் 60 இடம், சேர்ந்தவர்கள் 48, அரியர் இல்லாமல் நான்கு ஆண்டில் முடித்தவர்கள் 30, வேலை கேட்டுப் பதிந்தவர்கள் 25, வேலை பெற்றவர்கள் 24. பதிந்தவர்களால் வகுத்தால் 96 விழுக்காடு, முடித்தவர்களால் வகுத்தால் 80, சேர்ந்தவர்களால் வகுத்தால் 50. மூன்றும் சரியான கணக்கே. விளம்பரப் பலகைக்கு 96 போகும். வகுத்த எண் எது என்று பலகையில் இருக்காது. மகனைச் சேர்க்கப் போகும் தகப்பனாருக்குத் தேவை 50. சம்பளத்திலும் இதே கதைதான். ஒருவருக்குக் கிடைத்த மிகப் பெரிய தொகை படத்தோடு அச்சாகும். நடுவில் நிற்கும் மாணவரின் தொகைதான் இடைநிலைச் சம்பளம். நம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது அதற்கு அருகில் இருக்கும்.

படிவம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, நிரப்புவது கல்லூரியே. 2023-24-இல் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தது. இணைப்பு வழங்கும் அண்ணா பல்கலைக்கழகமும் விசாரித்து, ஒரே ஆளின் பெயர் பல கல்லூரிகளில் இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆசிரியர் பெயர்கள் ஒரே இடத்தில் பொதுவெளியில் இருந்ததால்தான் இந்த ஒப்பீடே முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், கல்லூரிகள் தரும் தகவலைச் சரிபார்க்காமல் ரேங்க் தருவதாகத் தொடரப்பட்ட வழக்கில், என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டின் பட்டியல் பின்னர் 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது.

பொது வரையறைக்கு வெளியே ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் கல்லூரிகளும் வழிகாட்டி நூல் வெளியீட்டாளர்களும் சேர்ந்து ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுப் படிவத்தை உருவாக்கினர். அதன் பெரிய பலம், ஒவ்வொரு கேள்விக்கும் யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை விடுவது என்று எழுதிவைத்திருப்பது.

சேலம், நாமக்கல் பகுதியில் பெரிய குறை கலை, அறிவியல் கல்லூரிகளில் இருக்கிறது. 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் கல்லூரிகளில் சேர்க்கையைக் கல்லூரியே நடத்துகிறது. பொறியியலைப் போல ஒற்றைச் சாளரம் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப்.-இல் பங்கேற்பதும் அவற்றின் விருப்பமே. பி.காம். சேர ஆத்தூரிலிருந்தோ பரமத்தியிலிருந்தோ பஸ் ஏறி வரும் மாணவியின் கையில் இருப்பது பெரும்பாலும் கல்லூரி கொடுத்த வண்ணக் கையேடு மட்டும்.