எடைக்கல் உடற்பயிற்சிக் கருவியான வரலாறு

சந்தைகளில் தராசுத் தட்டில் இருந்த ஒரு பொருள் உடற்பயிற்சிக் கூடத்திற்கு வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. வார்ப்பிரும்பாலான ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு கைப்பிடி, அவ்வளவே. ஆங்கிலத்தில் அதனைக் கெட்டில்பெல் என்பர். ருஷிய மொழியில் அதற்கு வழங்கும் பெயர் ‘கிர்யா’ என்பதாகும். நிறுவைக்குரிய எடைக்கல் என்பதே அச்சொல்லின் பொருள்.

இன்று உலகின் பல நாடுகளில் பொதுமக்கள் உடல்நலம் கருதி இக்கருவியைக் கையாளுகின்றனர். ஆயினும் இதைப்பற்றித் தவறான எண்ணங்கள் பல நிலவுகின்றன. அவற்றை நம்பி முறையறியாது தூக்குவோர் முதுகை வருத்திக்கொள்வர்; பயன்பெறக் கூடியவரோ அஞ்சி ஒதுங்குவர். ஆகவே, இக்கருவியின் வரலாற்றைத் துணைக்கொண்டு அவ்வெண்ணங்களை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

கிரேக்கர் கண்ட கருவியா?

கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் 143 கிலோகிராம் எடையுள்ள பழங்காலக் கெட்டில்பெல் ஒன்று உள்ளதென்று சிலர் எழுதியுள்ளனர். உண்மையில் அங்கிருப்பது ஒரு மணற்கல். அது கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பைபோன் என்பவன் அதனை ஒரே கையால் தலைக்குமேல் தூக்கினான் என்னும் செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அது வலிமையைப் பறைசாற்றும் ஒரு நினைவுக்கல் எனலாம். கைப்பிடி வைத்து வார்க்கப்பட்ட இரும்புருண்டை அதன் வழியில் வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

இக்கருவியின் தொடக்கம் ருஷிய நாட்டின் நிறுத்தலளவையில் உள்ளது. அந்நாட்டில் ‘பூட்’ என்னும் அளவு வழங்கியது. ஒரு பூட் ஏறக்குறைய 16.38 கிலோகிராம் ஆகும். தானியம் முதலிய சரக்குகளை நிறுப்பதற்குப் பயன்பட்ட எடைக்கற்களை வலிமைமிக்கோர் தூக்கியும் சுழற்றியும் தம் ஆற்றலைக் காட்டினர். நாளடைவில் அது பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் வளர்ந்தது. 1918இல் சோவியத் அரசு மெட்ரிக் அளவை ஏற்க ஆணையிட்டது. பூட் என்னும் அளவு வழக்கொழிந்தது. ஆயினும் கெட்டில்பெல்லின் மரபான எடைகள் 16, 24, 32 கிலோகிராம் என்றே இன்றும் உள்ளன. இவை முறையே ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்னும் பழைய அளவுகளின் எச்சமே.

மல்லர்க்கு மட்டும் உரியதா?

இது மல்லர்க்கும் படைவீரர்க்கும் மட்டுமே ஏற்றது என்பது மற்றோர் எண்ணம். இப்பயிற்சியை முறைப்படுத்தியவர்களுள் முன்னிற்பவரோ ஒரு மருத்துவர். விளாடிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்னும் அவர், 1885ஆம் ஆண்டில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உடற்பயிற்சி ஆர்வலர் கழகம் ஒன்றை நிறுவினார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற மல்லர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவரிடம் பயின்றவரே. கிராயெவ்ஸ்கி எழுதிய நூலின் தலைப்பு, எடைகளுடனும் எடைகள் இன்றியும் உடல்வலிமையை வளர்த்தல் என்னும் பொருளுடையது. எடையைத் தூக்குவது ஒன்றே போதும் என அம்மருத்துவர் கருதவில்லை என்பதற்குத் தலைப்பே சான்றாகும்.

இக்கருவி அண்மையில்தான் மேலைநாடுகட்குத் தெரியவந்த ருஷிய மறைபொருள் என்று கூறுவதும் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கெட்டில்பெல் விற்பனையில் இருந்தது. 1902இல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வெர்ட் தொடங்கிய மைலோ நிறுவனம் அவற்றை விற்றது. இடையில் அங்கு வழக்குக் குன்றிய இக்கருவிக்கு 1990களின் இறுதியிலும் அதன் பின்னரும் புத்துயிர் அளித்தவருள் மின்ஸ்க் நகரிற் பிறந்த பாவெல் சட்சூலின் குறிப்பிடத்தக்கவர்.

கைவலிமையே வேண்டுமா?

கையின் வலிமையால் தூக்குவதே இப்பயிற்சி என்பது பெரும் பிழை. டம்பெல்லில் எடை கைப்பிடியின் இருபுறமும் ஒத்திருக்கும். கெட்டில்பெல்லிலோ எடை முழுவதும் கைப்பிடிக்கு அப்பால் தொங்குகின்றது. அதனால் அது ஊசல்போல் வீசுதற்கு ஏற்றது. வீசும் பயிற்சியில் முதுகெலும்பு நேராக நிற்க, இடுப்பு மூட்டில் உடல் மடங்குகின்றது. பின்பு பிட்டமும் தொடையின் பின்தசைகளும் விசையுடன் இடுப்பை நிமிர்த்த, உருண்டை தானே முன்னோக்கி எழுகின்றது. கைகள் கயிறு போன்றவையே. பஸ்கி எடுப்பதுபோல் முழங்காலை ஆழ மடக்குவதும், தோள்வலிமையால் உருண்டையை உயர்த்துவதும், முதுகை வளைப்பதும் வழுக்களாம்.

பெரிய எடையே சிறந்தது என்பாரும் உளர். 1985இல் சோவியத் நாட்டில் வகுக்கப்பட்ட போட்டி விதிகள் வேறுவகையில் அமைந்தன. அவ்வாண்டிலேயே லிப்பெட்ஸ்க் நகரில் முதல் தேசியப் போட்டியும் நடைபெற்றது. எத்தனை முறை தூக்கினர் என்பதே அங்குக் கணக்கு. ஒருமுறை காட்டும் பேராற்றலைவிடத் தளராத திறனே அவ்விளையாட்டில் மதிக்கப்படுகின்றது.

முதுகைக் கெடுக்குமா?

2011இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகின்றது. தசைநோவு மிகுதியாகக் காணப்படும் தொழில்களிலிருந்து 40 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிரிவினர் எட்டு வாரம், வாரத்திற்கு மூன்று முறை, இருபது நிமிடம் வீதம் கெட்டில்பெல் பயிற்சி செய்தனர். முடிவில் அவர்களுடைய கழுத்து, தோள், அடிமுதுகு ஆகியவற்றின் நோவு குறைந்தது. முதுகுத் தசையின் வலிமை கூடியது. முறையறிந்து செய்தால் முதுகுக்கு உதவக்கூடிய பயிற்சியே இது என்பது இதனாற் பெறப்படும்.

அதே ஆய்வு மற்றொரு மயக்கத்தையும் நீக்குகின்றது. நடை, ஓட்டம், நீச்சல் யாவற்றிற்கும் இதுவொன்றே ஈடாகும் எனச் சிலர் கூறுகின்றனர். ஆனால், அவ்வெட்டு வாரத்தில் மூச்சுத்திறனில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. 2012இல் வெளியான வேறோர் ஆய்வில், ஆறு வாரப் பயிற்சிக்குப்பின் கெட்டில்பெல் பயின்றோரும் பார்பெல் பயின்றோரும் வலிமை பெற்றனர். எனினும், எடையுடன் பஸ்கி எடுக்கும் வலிமையில் பார்பெல் பயின்றோரே மிகுதியாக முன்னேறினர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிமுறை, வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்திலும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்கின்றது. கெட்டில்பெல் இப்பின்கூறிய கடமைக்குப் பெரிதும் துணைசெய்யும். நடை முதலியவற்றை அதனுடன் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்தோ வகுப்பறையில் நின்றோ பணிபுரிவோர், தம் வயதை எண்ணி இக்கருவியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதனிடம் அற்புதத்தை எதிர்பார்க்கவும் வேண்டுவதில்லை. நெஞ்சுநோயோ முதுகெலும்பு நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்ட பின்னரும், ஏனையோர் பயிற்றுநர் ஒருவரிடம் முறையைக் கற்ற பின்னரும் தொடங்குதல் நலம். சிறிய எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவதே பாதுகாப்பான வழி. பிறர் தூக்கும் எடையைப் பார்த்துத் தம் எடையைத் தேர்ந்துகொள்ளுதல் ஆகாது. அளப்பதற்கென்றே பிறந்த கருவி இது. அதனை எடுப்பவரும் முதற்கண் தம் அளவை அறிதல் வேண்டும்.